கண்ணுக்கு முன்னால் கிடக்கிற கோப்பை ஆர் ஏன் இல்லை என்கிறது: பாதைப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

போன கிழமை இரவு எட்டு மணியிருக்கும், பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசி வருட ஆய்வு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு என்று மாரியிலும் கோடையிலும் அளந்து வைத்திருக்கிறாள். மறுநாள் காலை சேருக்கு வரைபடம் காட்ட வேண்டும்.

"அண்ணை, கோப்பு இல்லை எண்டு சொல்லுது. ஆனா இந்தா, கண்ணுக்கு முன்னால கிடக்கு."

கிடந்தது உண்மைதான். ஆர், அதாவது அவள் தரவை அலசப் பாவிக்கும் கணினி மொழி, சொன்னதும் உண்மைதான். அவள் பார்த்த இடம் வேறு, ஆர் நின்ற இடம் வேறு.

எங்கள் ஊரில் வழி சொல்வதென்றால் "சந்தியில திரும்பி மூண்டாவது ஒழுங்கை, வேப்பமரத்தடி வீடு" என்போம். கேட்பவர் கொக்குவில் சந்தியில் நின்றால் ஒரு வீட்டுக்குப் போவார், கோண்டாவில் சந்தியில் நின்றால் வேறொரு வீட்டுக்குப் போவார். அங்கே வேப்பமரம் இல்லாவிட்டால் திரும்பி வந்து "அப்பிடி ஒரு வீடே இல்லை" என்பார். ஆர் ஸ்கிரிப்ட்டில், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பில், நாம் எழுதும் சார்புப் பாதை இந்த மாதிரித்தான். எந்தச் சந்தியிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை அது சொல்வதில்லை. அந்தச் சந்திக்கு ஆர் வைத்திருக்கும் பெயர் வேர்க்கிங் டிரெக்டரி. நான் இங்கே நடப்பு ஃபோல்டர் என்கிறேன்.

ஒரு விஷயம்: கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலியிலேயே எழுதுகிறேன். கீபோர்டில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றையும் கொன்சோலில், கட்டளை அடிக்கும் அந்தப் பெட்டியில், கேளுங்கள்:

கெட்டபிள்யூடி()
லிஸ்ட்.ஃபைல்ஸ்()
ஃபைல்.எக்ஸிஸ்ட்ஸ்("தரவு/மாரி/கிணறுகள்.சிஎஸ்வி")

முதலாவது, ஆர் எங்கே நிற்கிறது என்று சொல்லும். இரண்டாவது, அங்கே நின்றால் என்னென்ன தெரிகிறது என்று சொல்லும். மூன்றாவது, நீங்கள் சொன்ன வழியில் போனால் கோப்பு வருமா என்று ஆம், இல்லை என ஒரே சொல்லில் சொல்லும். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: "கனெக்ஷனைத் திறக்க முடியவில்லை"

சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பை வாசிக்கும் ரீட்.சிஎஸ்வி கட்டளை தரும் பிழைச் செய்தி இரண்டு துண்டாக வரும். எரர் என்று தொடங்கும் துண்டு கனெக்ஷனைத் திறக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும். அதைப் படித்துவிட்டு இன்டர்நெட் கனெக்ஷனைச் சோதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விஷயம் கீழே வார்னிங் என்று வரும் துண்டில் இருக்கிறது: எந்தப் பெயரைத் தேடியது, அது கிடைக்கவில்லை. அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ரீட்ஆர் தொகுப்பின் (தொகுப்பு என்றால் ஆரோடு சேர்த்து ஏற்றும் கட்டளைக் கட்டு) ரீட்_சிஎஸ்வி இன்னும் கொஞ்சம் இரக்கமுள்ளது. எந்த நடப்பு ஃபோல்டரில் தேடியது என்பதையும் சேர்த்தே சொல்லும்.

பிள்ளையின் கணினியில் கெட்டபிள்யூடி() கேட்டபோது வந்தது டவுன்லோட்ஸ் ஃபோல்டர். அவளுடைய கோப்போ டெஸ்க்டொப்பில் "கிணற்றுநீர்" என்ற ஃபோல்டருக்குள். சரி, எப்படி டவுன்லோட்ஸுக்குப் போனது? பின்னேரம் தோழி வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு ஸ்கிரிப்ட்டை டவுன்லோட்ஸில் இருந்தபடியே இரட்டைக் கிளிக் செய்து திறந்திருக்கிறாள். ஆரை ஓட்டப் பாவிக்கும் ஆர்ஸ்டூடியோ மூடியிருக்கும்போது ஸ்கிரிப்ட்டைக் கிளிக் செய்து திறந்தால், அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரே நடப்பு ஃபோல்டராகிவிடும். ஆர்ஸ்டூடியோ ஏற்கெனவே திறந்திருந்தால் அது மாறாது; ஸ்கிரிப்ட் மட்டும் புதிய தாவலில் வரும். அவள் பிறகு தன்னுடைய ஸ்கிரிப்ட்டைத் திறந்தபோது ஆர் டவுன்லோட்ஸிலேயே நின்றுகொண்டிருந்தது.

"நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, நான் ஒண்டும் மாத்தேல்லை" என்ற முறைப்பாட்டுக்கு அநேகமாக இதுதான் காரணம். மாற்றியது ஸ்கிரிப்ட்டை அல்ல, திறந்த வரிசையை.

உடனடித் தீர்வாக செஷன் மெனுவில் நடப்பு ஃபோல்டரை ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்துக்கு மாற்றலாம். அந்த இரவுக்கு அது போதும், நாளைக்குப் போதாது. நிரந்தரத் தீர்வு: ஃபைல் மெனு, நியூ புரொஜெக்ட், ஏற்கெனவே உள்ள ஃபோல்டர், "கிணற்றுநீர்". அங்கே .ஆர்ப்ராஜ் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று உருவாகும். இனிமேல் வேலை தொடங்கும்போது அதைத்தான் கிளிக் செய்ய வேண்டும், ஸ்கிரிப்ட்டை அல்ல. அதைக் கிளிக் செய்தால் புதிய ஆர் ஒன்று தொடங்கி, அந்த ஃபோல்டரிலேயே போய் நிற்கும். பிள்ளைக்கு அந்த இரவு இதைத்தான் செய்து கொடுத்தேன்.

இங்கே இரண்டு சில்லறை விஷயங்கள். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் கடைசி ஒட்டை மறைத்துக் காட்டும். ஆகவே நீங்கள் "கிணறுகள்.சிஎஸ்வி" என்று பெயர் மாற்றியது உண்மையில் "கிணறுகள்.சிஎஸ்வி.சிஎஸ்வி" ஆகியிருக்கலாம். லிஸ்ட்.ஃபைல்ஸ்() முழுப் பெயரையும் மறைக்காமல் காட்டும். மற்றது, ஜிப் கோப்பு. ஜிப்பைப் பிரிக்காமல், உள்ளே எட்டிப் பார்த்து ஸ்கிரிப்ட்டை மட்டும் கிளிக் செய்தால் விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் எங்கோ தற்காலிக ஃபோல்டரில் பிரித்துத் திறக்கும். தரவுக் கோப்பு ஜிப்புக்குள்ளேயே இருந்துவிடும். கெட்டபிள்யூடி() விடையில் "டெம்ப்" என்ற சொல்லைக் கண்டால் ஜிப்பை முழுதாகப் பிரித்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: என்னுடைய கணினியில் ஓடுகிறது, சேருடைய கணினியில் ஓடவில்லை

ஸ்கிரிப்ட்டின் முதல் வரியைப் பாருங்கள். நடப்பு ஃபோல்டரை மாற்றும் செட்டபிள்யூடி கட்டளையில் தொடங்கி, சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், டெஸ்க்டொப் என்று நீளமாகப் போகிறதா? சேருடைய கணினியில் உங்கள் பெயரில் ஃபோல்டர் இல்லை. ஆர் "நடப்பு ஃபோல்டரை மாற்ற முடியவில்லை" என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். பென்டிரைவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: இங்கே ஈ டிரைவாக இருந்தது அங்கே எஃப் டிரைவாகிவிடும்.

ஆர் உலகில் பெயர் பெற்ற ஜெனி பிரையன் 2017 டிசம்பரில் நியூசிலாந்தின் ஓக்லண்டில் நடந்த மாநாடொன்றில் இதைப் பற்றிப் பகிடியாக ஒரு மிரட்டல் விட்டார்: ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் உங்களிடம் மட்டுமே உள்ள பாதையைப் போட்டு செட்டபிள்யூடி எழுதினால், உங்கள் அலுவலகத்துக்கே வந்து கணினியைக் கொளுத்துவேன் என்று. ஆர் பிறந்ததும் அதே ஓக்லண்டில்தான், ரொஸ் இஹாக்காவும் ரொபேட் ஜென்டில்மனும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. பிறந்த ஊரில் வைத்தே எச்சரித்துவிட்டார். எங்கள் ஊருக்கு இன்னும் அந்தச் செய்தி முழுதாக வந்து சேரவில்லை. எனக்கு வரும் ஸ்கிரிப்ட்களில் அந்த வரி இல்லாததைக் காண்பது அரிது.

அந்த வரியை அழியுங்கள். பாதைகளை எல்லாம் புரொஜெக்ட் வாசலில் நின்று சொல்வது போல எழுதுங்கள். அதற்கு ஹியர் என்ற சின்னத் தொகுப்பு இருக்கிறது. கிரில் முல்லர் எழுதியது.

லைப்ரரி(ஹியர்)
கிணறு <- ரீட்.சிஎஸ்வி(ஹியர்("தரவு", "மாரி", "கிணறுகள்.சிஎஸ்வி"))

நடப்பு ஃபோல்டரிலிருந்து மேலே மேலே ஏறிப் போய், .ஆர்ப்ராஜ் கோப்போ, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் .கிட் ஃபோல்டரோ, .ஹியர் என்ற வெற்றுக் கோப்போ முதலில் எங்கே தென்படுகிறதோ அதையே வேர் என்று அது எடுத்துக்கொள்ளும். எந்த ஒழுங்கைக்குள் நின்றாலும் முதலில் ஒரே சந்திக்கு வந்துவிட்டு, அங்கிருந்து வழி பார்க்கும். சேர் ஃபோல்டரை டி டிரைவில் வைத்தாலும் சரி, பென்டிரைவில் வைத்தாலும் சரி, ஃபோல்டரை முழுதாகக் கொடுத்தால் ஸ்கிரிப்ட் ஓடும். முழுதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்கிரிப்ட்டை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு "ஹியர் போட்டனான், வேலை செய்யேல்லை" என்றால் ஹியர் என்ன செய்யும்?

அலையடி என்று நாங்கள் சொல்லும் அந்த வளைந்த கோடும் ஒரு பொறி. முழுப் பாதை எழுதக்கூடாது என்று கேள்விப்பட்டு அலையடியில் பாதையைத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸில் அது உங்கள் ஹோம் ஃபோல்டர். விண்டோஸில் ஆர் அதை டொக்கியூமென்ட்ஸ் ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும். மைக்ரோசொஃப்டின் வன்டிரைவ் சேமிப்பு டொக்கியூமென்ட்ஸைத் தன்னிடம் இழுத்து வைத்திருந்தால் அலையடி அங்கே போய் நிற்கும். பாத்.எக்ஸ்பாண்ட்("~") அடித்தால் எங்கே போகிறது என்று தெரியும். தெரிந்தபின் அதை விட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: ஹியர் போட்டும் தவறான ஃபோல்டரில் தேடுகிறது

லைப்ரரி(ஹியர்) ஓடும்போதே "இங்கிருந்து தொடங்குகிறேன்" என்று ஒரு வரி அச்சடிக்கும். அதை வாசிக்காமல் தாண்டிப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம். வேர் பிழைத்திருந்தால் இதை அடியுங்கள்:

டிஆர்_ஹியர்()

எந்த ஃபோல்டரை வேராக எடுத்தது, அங்கே எந்தக் கோப்பைக் கண்டு எடுத்தது என்று காரணத்தோடு சொல்லும். எனக்கு அகப்பட்டவற்றில் முக்கியமானவை இவை. உள் ஃபோல்டரில் தெரியாமல் இன்னொரு .ஆர்ப்ராஜ் உருவாக்கி வைத்திருப்பார்கள். ஏறிப் போகும் வழியில் அதுதான் முதலில் தட்டுப்படும். அல்லது புரொஜெக்ட்டில் அடையாளக் கோப்பு எதுவுமே இருக்காது. அப்போது ஹியர் நடப்பு ஃபோல்டரையே வேராக எடுத்துக்கொள்ளும், நீங்கள் ஹியர் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இருக்காது. அல்லது ஹியரை ஏற்றிய பிறகு செட்டபிள்யூடி அடித்துவிட்டு, வேரும் சேர்ந்து மாறும் என்று நினைத்திருப்பார்கள். மாறாது, ஏற்றிய நேரத்தில் கண்டதே வேர். ஆரை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும். விண்டோஸ் ஆர்ஸ்டூடியோவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10.

இதைவிட உறுதியான வழி ஒன்று 2020இல் வந்த ஹியர் 1.0.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஸ்கிரிப்ட்டின் தலையில் அந்த ஸ்கிரிப்ட் புரொஜெக்ட்டுக்குள் எங்கே குடியிருக்கிறது என்று எழுதிவிடுங்கள்:

ஹியர்::ஐ_ஆம்("நிரல்/வரைபடம்.ஆர்")

இது வேறு ஃபோல்டரிலிருந்து ஓடினால், தவறான தரவை எடுத்து வருவதற்குப் பதிலாக அந்த இடத்திலேயே நின்று முறைப்பாடு செய்யும். என்னைக் கேட்டால் எல்லா ஸ்கிரிப்ட்டின் முதல் வரியும் இதுவாக இருக்கலாம்.

பிளையர் என்ற பழைய தொகுப்பிலும் ஹியர் என்ற பெயரில் வேறொரு கட்டளை உண்டு. அதைப் பிறகு ஏற்றியிருந்தால் உங்கள் ஹியர்() விசித்திரமாக நடக்கும். ஹியர்::ஹியர்() என்று இரட்டைப் புள்ளியோடு எழுதினால் குழப்பம் இல்லை.

அறிகுறி: கொன்சோலில் ஓடுகிறது, நிட் செய்தால் விழுகிறது

ஆர் மார்க்டவுன் கோப்பை (எழுத்தும் ஆர் கட்டளைகளும் கலந்தது) நிட் செய்யும்போது, அதாவது ஓட்டி அறிக்கையாக்கும்போது, அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரே நடப்பு ஃபோல்டர். கொன்சோலுக்கு நடப்பு ஃபோல்டர் புரொஜெக்ட்டின் வேர். அறிக்கையை "அறிக்கை" என்ற உள் ஃபோல்டரில் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றல்ல. ஹியர் போட்டால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. உள் ஃபோல்டரிலிருந்து ஏறி வேருக்கு வந்துவிடும். ஹியர் வேண்டாம் என்பவர்கள் நிட் பொத்தானின் சின்ன அம்புக்குறியைத் திறந்து நிட் டிரெக்டரியைப் புரொஜெக்ட்டுக்கு மாற்றலாம், ஆனால் அது அவரவர் கணினியின் அமைப்பு. அடுத்தவருக்குப் போய்ச் சேராது. அதே வேலைக்குக் குவார்ட்டோ பாவிப்பவர்கள் _குவார்ட்டோ.வைஎம்எல் கோப்பில் எக்ஸிகியூட்-டிர் என்பதற்குப் புரொஜெக்ட் என்று கொடுக்கலாம். அது கோப்போடேயே பயணம் செய்யும்.

அறிக்கையின் கட்டளைத் துண்டு ஒன்றுக்குள் செட்டபிள்யூடி போட்டு வெல்லலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் துண்டு முடிந்தவுடன், நிட் செய்யும் தொகுப்பான நிட்ஆர் பழைய இடத்துக்கே திருப்பிவிடும்.

சோர்ஸ்("நிரல்/உதவி.ஆர்") என்று இன்னொரு ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடும்போதும் இதே கதை, ஆனால் மறுதிசையில்: உதவி.ஆர் தனக்குள் எழுதியிருக்கும் சார்புப் பாதைகள், அது இருக்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல, ஆர் நிற்கும் ஃபோல்டரிலிருந்தே பார்க்கப்படும்.

அறிகுறி: பாதையை ஒட்டியவுடனேயே ஆர் கத்துகிறது

விண்டோஸில் பாதையைப் பிரதி எடுத்து ஒட்டினால் கோடுகள் பின்பக்கம் சாய்ந்தபடி வரும். மேற்கோளுக்குள் பின்சாய்ந்த கோடு ஆருக்கு ஒரு விசேஷக் குறி. யூசர்ஸ் என்பதன் பெரிய "யூ" எழுத்துக்கு முன் அது வந்தால், யூனிகோட் எண் (எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்) ஒன்று வரப்போகிறது என்று எதிர்பார்த்துவிட்டு, வராததால் ஆர் கோபிக்கும். கத்தினால் நல்லது. கத்தாத வழக்கு மோசம்: ஃபோல்டர் பெயர் சின்ன "என்" எழுத்தில் தொடங்கினால் அதைப் புதிய வரி என்றும், சின்ன "ரீ" எழுத்தில் தொடங்கினால் டாப் இடைவெளி என்றும் ஆர் எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் போகும். நியூ, தீசிஸ் என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்காத மாணவர் யார்?

கோடுகளை முன்பக்கம் சாய்த்து எழுதுங்கள், விண்டோஸும் ஏற்றுக்கொள்ளும். 2020இல் வந்த ஆர் 4.0.0இலிருந்து மேற்கோளுக்கு முன் சின்ன "ஆர்" எழுத்தையும், உள்ளே ஓர் அடைப்புக்குறியையும் போட்டு, ஒட்டியதை அப்படியே விடவும் முடியும். ஆனால் முழுப் பாதையையே விட்டுவிட்டால் இந்தத் தொல்லை ஏன்?

அறிகுறி: ஃபோல்டர் முழுவதையும் வாசிக்கப் போனால் ஒன்றும் வரவில்லை, அல்லது பாதியில் விழுகிறது

லிஸ்ட்.ஃபைல்ஸ்("தரவு/மாரி") வெறும் பெயர்களைத்தான் தரும், வழியைத் தராது. "உரும்பிராய்.சிஎஸ்வி" என்று வந்ததை அப்படியே ரீட்.சிஎஸ்விக்குக் கொடுத்தால் ஆர் அதை நடப்பு ஃபோல்டரில் தேடும். ஃபுல்.நேம்ஸ் = ட்ரூ என்று சேர்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறது, வாசிக்கும்போது இல்லை என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

ஃபோல்டரின் பெயரையே பிழையாக எழுதியிருந்தால் லிஸ்ட்.ஃபைல்ஸ் பிழை சொல்லாது. வெறும் பட்டியலைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். எல்லாவற்றையும் வாசித்து ஒன்றாக ஒட்டும் உங்கள் வரிகளும் ஒன்றும் சொல்லாமல் ஒன்றுமில்லாததைத் திருப்பித் தரும். பட்டியலை எடுத்த அடுத்த வரியிலேயே அதன் நீளத்தைச் சோதித்து, பூச்சியமானால் ஸ்டொப்() போட்டு நிறுத்துங்கள்.

லிஸ்ட்.ஃபைல்ஸில் பேட்டர்ன் என்ற இடத்தில் கொடுப்பது, எந்தப் பெயர்களை எடுப்பது என்று சொல்லும் தேடல் ஒழுங்கு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்கும். கருவியிலிருந்து இறக்கிய கோப்புகள் பெரிய எழுத்து சிஎஸ்வியோடு வந்திருந்தால் விண்டோஸிலும் விடுபட்டுவிடும். இக்னோர்.கேஸ் = ட்ரூ போடுங்கள். எக்செல்லில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே எக்செல் கோப்புகளை எல்லாம் வாசித்தால், அலையடியும் டொலர் குறியும் முன்னால் ஒட்டிய ஒரு நிழல் கோப்பும் பட்டியலில் வரும். ரீட்எக்செல் அதைத் திறக்கப் போய் ஜிப் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று முரண்டு பிடிக்கும். எக்செல்லை மூடுங்கள், முடிந்தது.

அறிகுறி: எழுதப் போனாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை"

புதிய கோப்பை எழுதப் போகிறேன், இல்லாதது சரிதானே என்று கேட்பீர்கள். இல்லாதது கோப்பல்ல, அதை வைக்கும் ஃபோல்டர். ரைட்.சிஎஸ்வி கோப்பை உருவாக்கும், ஃபோல்டரை உருவாக்காது. எழுதுவதற்கு முன்:

டிர்.கிரியேட்(ஹியர்("வெளியீடு", "படங்கள்"), ரிகர்சிவ் = ட்ரூ, ஷோவார்னிங்ஸ் = ஃபோல்ஸ்)

"அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால் அட்மின் உரிமை தேடி ஓட வேண்டாம். அதே கோப்பு எக்செல்லில் திறந்திருக்கும்.

அறிகுறி: லினக்ஸ் சேர்வரில் மட்டும் விழுகிறது, தானாக ஓடும் நேரத்தில் மட்டும் விழுகிறது

முதலாவதற்கு எழுத்தின் அளவு காரணம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்து டேட்டாவும் சின்ன எழுத்து டேட்டாவும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. ஃபோல்டர் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவதற்கு நிற்கும் இடம் காரணம். ஆர்ஸ்டூடியோ இல்லாமல் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட் கட்டளை, அதைக் கூப்பிட்டவர் நிற்கும் ஃபோல்டரையே நடப்பு ஃபோல்டராக எடுக்கும், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை அல்ல. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் கிரோன் ஹோம் ஃபோல்டரில் நின்று கூப்பிடும். விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் "ஸ்டார்ட் இன்" என்ற பெட்டியை வெறுமையாக விட்டால் அது சிஸ்டம்32 பக்கம் போய் நிற்கும். அங்கிருந்து ஏறினால் ஹியருக்கும் உங்கள் புரொஜெக்ட் தட்டுப்படாது. அந்தப் பெட்டியில் புரொஜெக்ட்டின் பாதையை மேற்கோள் இல்லாமல் எழுதுங்கள். கிரோனில் முதலில் சிடி கட்டளையால் புரொஜெக்ட்டுக்குப் போய், பிறகு ஆர்ஸ்கிரிப்ட். முழுப் பாதை எழுத வேண்டிய இடம் இதுதான், ஸ்கிரிப்ட்டுக்கு வெளியே.

அறிகுறி: தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு, பார்த்தால் ஒன்று, ஆருக்கு வேறு

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை என்று சந்தோஷப்பட முடியாது; எங்களுக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் உண்டு. பிள்ளையிடம் பதினொரு கிராமங்களின் கோப்புகள் இருந்தன. இணுவில், சுன்னாகம், உரும்பிராய் எல்லாம் வாசித்தது. கொக்குவில், கோண்டாவில், கோப்பாய் மூன்றும் இல்லை என்றது. பெயரைப் பட்டியலிலிருந்து பார்த்து அவளே கையால் அடித்திருக்கிறாள், ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.

விழுந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் கொ, கோ.

யூனிகோட்டில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறி. அல்லது க, பின் கொம்பு, பின் கால் என்று தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று. ஆரிடம் கேட்டால் உண்மை வெளிவரும்:

யூடிஎஃப்8டுஇன்ட்("கொ")

அவள் இப்போது அடித்ததற்கு வந்த விடை 2965, 3018. கோப்பின் பெயரிலிருந்து எடுத்ததற்கு வந்தது 2965, 3014, 3006. இரண்டு எண் ஒரு பக்கம், மூன்று எண் மறுபக்கம். அந்தக் கோப்புகளுக்குப் பெயர் வைத்தது அவளுடன் கிணறு அளக்கப் போன பெடியன்; அவன் பாவிக்கும் விசைப்பலகை வேறு. விண்டோஸ் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்லை, ஒரே ஃபோல்டரில் இரண்டு "கொக்குவில்" இருக்கவும் விடும்.

இரு பக்கமும் ஸ்ட்ரிங்ஐ தொகுப்பின் ஸ்ட்ரிஐ_டிரான்ஸ்_என்எஃப்சி() வழியாக அனுப்பி ஒரே வடிவமாக்கி ஒப்பிட்டால் பொருந்தும். கோப்பின் பெயரையே ஒருமுறை ஃபைல்.ரீநேம்() கொண்டு அந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பிறகு தொல்லை இல்லை. அவளுக்கு அப்படித்தான் மாற்றினோம். கோப்புக்குள் இருக்கும் கிராமப் பெயர் நெடுவரிசையிலும் இதே நோய் இருந்தது. மாரி அட்டவணையையும் கோடை அட்டவணையையும் இணைத்தபோது கொ, கோவில் தொடங்கும் ஊர்கள் மட்டும் வெறுமையாக வந்தன. அங்கும் அதே மருந்து.

ஆர் பழையதாக இருந்தால் பிரச்சினை வேறு. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0இல்தான் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 விண்டோஸில் இயல்பான குறியேற்றமானது. அதற்கு முன்னைய ஆர் தமிழ்ப் பெயரைக் கூர் அடைப்புக்குள் யூனிகோட் எண்களாகக் கொட்டினால், மல்லுக்கட்டாமல் புதிய பதிப்பைப் போடுங்கள்.

அறிகுறி: எந்தப் பிழையும் வரவில்லை, விடை மட்டும் பிழை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்குப் பிழைச் செய்தியே கிடையாது. மேலே சொன்னவை எல்லாம் கத்தியாவது கூப்பிடும்.

சில வருடங்களுக்கு முன் நானே பட்டது. முந்திய வருட வேலையைப் பிரதி எடுத்துப் புதிய ஃபோல்டர் ஒன்று தொடங்கினேன். உள்ளே அதே அமைப்பு, அதே கோப்புப் பெயர்கள். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பழைய ஃபோல்டருக்குப் போகும் செட்டபிள்யூடி அப்படியே இருந்தது. புதிய தரவை எக்செல்லில் திருத்துவேன், ஸ்கிரிப்ட் ஓடும், வரைபடம் வரும், அழகாகவும் இருக்கும். இரண்டு நாள் கழித்து ஒரு கிணற்றின் அளவு கண்ணில் குத்தியது. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்தக் கிணறு புதிய அளவீட்டில் அதைத் தாண்டியிருந்தது, என் கையெழுத்தில் குறித்து வைத்திருந்தேன். வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே சாதுவாகக் குந்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது போன வருடத் தண்ணீர்.

இப்படிச் சந்தேகம் வந்தால், வாசிக்கும் கோப்பின் அடையாள அட்டையைக் கேளுங்கள்:

எங்கே <- ஹியர்("தரவு", "மாரி", "கிணறுகள்.சிஎஸ்வி")
நோர்மலைஸ்பாத்(எங்கே)
ஃபைல்.இன்ஃபோ(எங்கே)$எம்டைம்

இரண்டாவது வரி முழு முகவரியைத் தரும், மூன்றாவது கடைசியாக மாற்றிய நேரத்தைத் தரும். இன்று காலை திருத்திய கோப்புக்குப் போன வருடத் திகதி வந்தால் வேறு கோப்பைத் திறந்திருக்கிறீர்கள். வட்ஸ்அப்பிலும் டவுன்லோட்ஸிலும் பெயருக்குப் பின்னால் (1), (2) என்று குட்டி போட்டு நிற்கும் கோப்புகளில் எது அசல் என்று தெரியாதபோது டூல்ஸ்::எம்டி5சம்() போட்டுப் பாருங்கள். உள்ளடக்கம் ஒன்றானால் விடையும் ஒன்று.

இன்னொரு மௌனக் குற்றவாளி .ஆர்டேட்டா. ஆர்ஸ்டூடியோவை மூடும்போது "சேமிக்கவா" என்று கேட்க, ஓம் என்று அமர்த்திவிடுவோம். மறுநாள் அந்த ஃபோல்டரில் திறக்கும்போது நேற்றைய கிணறு என்ற அட்டவணை தானாக வந்து உட்கார்ந்திருக்கும். இன்று வாசிக்கும் வரி விழுந்தாலும், அடுத்த வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டினால் நேற்றைய கிணற்றை வைத்துக்கொண்டு அவை நன்றாகவே ஓடும். டூல்ஸ் மெனுவில் குளோபல் ஒப்ஷன்ஸுக்குப் போய், தொடக்கத்தில் .ஆர்டேட்டாவை மீட்பதை நிறுத்துங்கள். மூடும்போது சேமிப்பதை "ஒருபோதும் வேண்டாம்" என்று வையுங்கள். பிறகு ஆரை மறுதொடக்கம் செய்து, ஸ்கிரிப்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் ஓட்டுங்கள்.

பிள்ளையின் கணினியில் அப்படி ஓட்டியபோது இரவு பத்தரை. பதினொரு கிராமமும் வந்தன. "சேர்ட கணினியில ஓடுமோ அண்ணை?" என்றாள். செட்டபிள்யூடி என்ற சொல்லை ஸ்கிரிப்ட் முழுவதும் தேடிப் பார்க்கச் சொன்னேன். ஒன்று மிச்சமிருந்தது, நாற்பதாவது வரியில். அழித்துவிட்டுப் போனாள்.